ஏழாவது சீட்டில் யார் உட்காரப் போகிறார்?

பனியன் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சின்ன வயசிலேயே புரிந்துவிடும். காலரில் தைத்திருக்கும் சைஸ் லேபிளை நம்பக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகிற ‘எம்’ நம்ம காதர்பேட்டை கடையில் ‘எல்’லாகப் போகும். அதனால்தான் செக்கிங் டேபிளில் நிற்பவர் லேபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இஞ்ச் டேப்பைக் கையில் எடுப்பார். நெஞ்சளவு, உயரம், கை நீளம் எல்லாவற்றையும் சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பீஸ் பாஸ் ஆகும்.

இருநூறு ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு பார்க்கிற ஊர், நாற்பது லட்ச ரூபாய் வண்டி வாங்கும்போது மட்டும் லேபிளைப் பார்த்து வாங்குகிறது. இந்தக் கட்டுரையில் நான் குறை சொல்லப்போவது அந்தப் பழக்கத்தைத்தான். எந்த வண்டி நல்ல வண்டி என்று தீர்ப்பு சொல்வது என் நோக்கமல்ல. ‘ஃபுல் சைஸா, மிட் சைஸா’ என்று நாம் கேட்கும் கேள்வியே சரியா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி எங்கள் வீட்டிலேயே வந்தது. அக்கா வீட்டு மாமா மங்கலம் ரோடு பக்கம் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். வீட்டில் ஆறு பேர்: மாமா, அக்கா, இரண்டு பிள்ளைகள், அப்பாரு, அப்பத்தா. இருப்பது ஒரு பழைய சின்ன கார். 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி நம்ம சரக்குக்கு அமெரிக்காவில் வரி 50 சதவீதம் ஆனது. செப்டம்பர் 22-ம் தேதி இங்கே கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. ஒரு மாசத்துக்குள் இரண்டும். ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயமும், வண்டி விலை இறங்கிவிட்டதே என்ற ஆசையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன ஆகும்? மாமா என்னைக் கூப்பிட்டார். “மாப்ள, நீ இதெல்லாம் படிக்கறவன். பெருசா எடுக்கறதா, நடுத்தரமா எடுக்கறதான்னு பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். குறிப்புகள் கீழே.

லேபிள் எங்கிருந்து வந்தது

‘ஃபுல் சைஸ்’, ‘மிட் சைஸ்’ இரண்டும் அமெரிக்கச் சொற்கள். அங்கே ஃபுல் சைஸ் எஸ்யூவி என்றால் செவர்லே டாஹோ, ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மாதிரி வண்டிகள். நீளம் ஐந்தேகால் மீட்டரைத் தாண்டும். நம்ம ஊரில் ‘பெரிய வண்டி’ என்று சொன்னவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அது மிட் சைஸ்தான். நாம் மிட் சைஸ் என்கிற கிரெட்டா 4,330 மி.மீ. அங்கே அது சின்ன வண்டி வரிசையில் போய்விடும். பனியன் சைஸ் கதையேதான்.

நம்ம நாட்டில் வண்டியின் அளவை உண்மையில் வகுத்தது வரிச் சட்டம். நாலு மீட்டர் என்று ஒரு கோடு. அதற்குள் இருந்து, பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள்ளோ டீசல் 1,500 சிசிக்குள்ளோ இருந்தால் சின்ன வண்டி. நாலு மீட்டரைத் தாண்டி, 1,500 சிசியையும் தாண்டி, தரையிலிருந்து 170 மி.மீ. உயரமும் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரி. கிரெட்டா மாதிரி 1,500 சிசிக்குள் இருந்த நடுத்தர வண்டிகளுக்கு 45.

செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்த இரண்டுக்கும் ஒரே 40 சதவீதம். பெரியதற்கு 10 புள்ளி இறங்கியது, நடுத்தரத்துக்கு 5. அதாவது, வரிக் குறைப்பு பெரிய வண்டி பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்தது. ‘இப்ப விட்டா கிடைக்காது’ என்று மாமாவுக்குத் தோன்றியதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் சென்னையில் இருக்கிற அரசும் ஒரு கோடு போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை உள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 20 லட்ச வண்டிக்கு 3.6 லட்சம். 40 லட்ச வண்டிக்கு 8 லட்சம். விலையில் 20 லட்சம், வரியில் 4.4 லட்சம்; வித்தியாசம் 24.4 லட்சம். இன்சூரன்ஸ் இன்னும் சேரவில்லை. இதை அப்படியே கடனாக வாங்கி 9 சதவீத வட்டிக்கு 84 மாசத் தவணை போட்டால், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாசம் சுமார் 39 ஆயிரம் ரூபாய். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

டேப் என்ன சொல்கிறது

ஃபார்ச்சூனர் கிரெட்டாவைவிட நீளத்தில் ஒன்றரை அடி கூட. அகலத்தில் 1,855-க்கு 1,790, ஆறரை செ.மீ.தான். ஸ்கார்பியோ என் 1,917 மி.மீ., அதாவது கிரெட்டாவைவிட ஐந்து அங்குலம் அகலம். பேப்பரில் இது சின்ன விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்குக் காதர்பேட்டையில், எதிரே துணி ரோலைக் குறுக்காகக் கட்டிய எக்செல் வண்டி, பக்கத்தில் பண்டல் ஏற்றிய டாட்டா ஏஸ் என்று நிற்கும்போது ஐந்து அங்குலம் என்பது போகலாமா, ரிவர்ஸ் எடுக்கணுமா என்கிற கேள்வி.

மாமா வீட்டுச் சந்தில் நாங்களே டேப் பிடித்து அளந்தோம். கேட் அகலத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை திரும்புகிற இடத்தில். முனையில் இருக்கிற மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவே பெரிய வண்டி ஒரே வளைவில் திரும்பாது. இரண்டு தடவை முன்னே பின்னே போகணும். தினமும் காலையில், பள்ளிக்கூட நேரத்தில்.

அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் பெரிய வண்டி ராஜா மாதிரி ஓடும், அதில் சந்தேகமே இல்லை. மாமாவின் வேலை நேரம் பெரும்பாலும் நூல் கடை, டையிங், காம்பாக்டிங் என்று ஊருக்குள்ளேயே போகிறது. அவரே சொன்ன கணக்கு: பத்து ட்ரிப்பில் எட்டு தடவை வண்டியில் ஒரே ஆள்.

ஏழு பேர் ஏறினால் பை எங்கே?

ஏழு சீட் வண்டிகளைப் பற்றிய விமர்சனங்களில் எனக்குப் பெரிய குறை இதுதான். எல்லாரும் டிக்கியைக் காட்டும்போது கடைசி வரிசையை மடித்துவிட்டுத்தான் காட்டுவார்கள். பெரிய ஹால் மாதிரி இருக்கும். ஏழு பேர் உட்கார்ந்த பிறகு எவ்வளவு மிச்சம்?

கிரெட்டா ஐந்து சீட், டிக்கி 433 லிட்டர். அதே குடும்பத்தில் மூன்று வரிசை வண்டியான அல்கஸாரில், எல்லா சீட்டும் நிமிர்ந்திருந்தால் 180 லிட்டர். ஃபார்ச்சூனரில் 296. அதாவது, லட்சக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்கிய பெரிய வண்டியில், ஏழு பேர் போகிற அன்றைக்குச் சாமான் வைக்கும் இடம் ஐந்து சீட் வண்டியைவிடக் குறைவு. ஏழு பேர் எப்போது சேர்ந்து போவோம்? பழனிக்கு, குலதெய்வம் கோயிலுக்கு, கல்யாணத்துக்கு. அன்றைக்குத்தானே பொங்கல் பானை, மாற்றுத்துணிப் பை, சீர்த்தட்டு எல்லாம் வரும்? சீட் தேவைப்படுகிற நாளும் டிக்கி தேவைப்படுகிற நாளும் ஒரே நாள். வண்டி அந்த இரண்டில் ஒன்றைத்தான் தரும். துவைத்த பிறகு சுருங்குகிற துணி மாதிரி, ஏழாவது ஆள் ஏறிய பிறகுதான் வண்டியின் நிஜ அளவு தெரியும்.

உட்காருவதும் அப்படித்தான். ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் பிக்கப்போடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கிற வண்டி. தனியாக ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் பாடி. மண் ரோட்டுக்கும் பாரத்துக்கும் அது பலம். ஆனால் சட்டத்துக்கு மேலே தளம் வருவதால் உள்ளே தரை உயர்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு வரும். எக்ஸ்யூவி 700, சஃபாரி போன்றவை சட்டமும் பாடியும் ஒன்றாக வார்த்த மாதிரி கட்டப்பட்டவை. ஏறி இறங்க இவை கொஞ்சம் சுலபம்.

ஷோரூமில் அப்பத்தாவைக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னோம். முன் சீட்டில் ஏற மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கை கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள என்னையப் போட்டீங்கன்னா பழனில எறக்கறதுக்கு கிரேன் கொண்டாரோணும்” என்றார். சேல்ஸ் பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் வீடியோ பார்த்து எனக்குத் தெரியாதது அந்த ஒரு வரியில் தெரிந்தது. ஏழு சீட் வண்டி விமர்சனம் செய்கிற யாராவது எழுபது வயசு ஆளை, சேலை கட்டிய ஆளை, கடைசி வரிசையில் ஏற்றிக் காட்டியிருக்கிறார்களா?

“பெரிய வண்டின்னா பாதுகாப்பு”

மாமாவின் பலமான வாதம் இது. பாதி உண்மை. இரண்டு டன் வண்டியும் அதைவிட மிகவும் எடை குறைந்த வண்டியும் மோதினால் அடி அதிகம் யாருக்கு என்பது இயற்பியல். ஆனால் எடை வேறு, கட்டுமானம் வேறு. பாரத் என்கேப் சோதனை 2023-ல் தொடங்கியபோது முதலில் 5 நட்சத்திரம் வாங்கியவை டாடா ஹாரியரும் சஃபாரியும். ஒன்று ஐந்து சீட், மற்றது மூன்று வரிசை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். சீட் கூடியதால் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்தச் சோதனையில் முன் சீட்டுகளில் பெரியவர் பொம்மை, நடு வரிசையில் குழந்தை பொம்மை. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மோதிப் பார்ப்பார்கள். பின்னாலிருந்து மோதும் சோதனை அதில் கிடையாது. கடைசி வரிசையில் யாரும் உட்காருவதும் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? பெரியவர்கள் ஏற முடியாது என்பதால் குழந்தைகளைத்தான் அங்கே அனுப்புகிறோம், பின் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி. லாரி பின்னால் வருகிற நெடுஞ்சாலையில். சோதனையில் ஆளே இல்லாத இடத்துக்கு நட்சத்திரத்தை நம்பிப் பிள்ளையை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

“கம்பெனி பேர்ல எடுத்தா வரி மிச்சம்”

ஊரில் டீக்கடைதோறும் கேட்கிற வாக்கியம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்ச வண்டிக்கு வருமான வரியில் தேய்மானம் 15 சதவீதம். முதல் வருஷம் முழுசாகக் கிடைத்தால் 6 லட்சம். பார்ட்னர்ஷிப் கம்பெனிக்கு வரி 30 சதவீதம், ஆக மிச்சம் சுமார் 1.8 லட்சம். வண்டி வீட்டுக்கும் ஓடுகிறதென்றால் அதிலும் ஒரு பங்கைக் கழிக்கலாம் என்று அதிகாரிக்கு உரிமை உண்டு.

மறுபக்கம், அந்த 40 லட்சத்துக்குள் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 11.4 லட்சம். டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிகளுக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்கினால், இன்புட் கிரெடிட் கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. அந்தப் பணம் போனது போனதுதான். அதே மாமா ஒரு நிட்டிங் மிஷின் வாங்கினால் கட்டுகிற 18 சதவீத ஜிஎஸ்டிக்குக் கிரெடிட் எடுக்கலாம், தேய்மானமும் உண்டு, மிஷின் துணியும் ஓட்டும். வரி மிச்சம் பிடிப்பதற்காக வண்டி வாங்குவது, டிஸ்கவுண்ட் கிடைக்கிறது என்று வேண்டாத நூலை வாங்கி குடோனில் போடுகிற மாதிரி.

மதிப்பு

இந்த இடத்தில் நான் மாமா பக்கம் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய வண்டியைப் ‘பந்தா’ என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். திருப்பூர் கடனில் ஓடுகிற ஊர். நூல் கடன், டையிங் கடன், பிரிண்டிங் கடன். பேலன்ஸ் ஷீட்டை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. ஆள் எப்படி இருக்கிறான் என்பதை வாசலில் நிற்கிற வண்டியை வைத்துத்தான் கணிக்கிறார்கள். குவாலிஸ் 2000-ல் வந்தது, 2005-ல் இன்னோவா, 2009-ல் ஃபார்ச்சூனர். ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் ‘இவன் நிலைச்சுட்டான்’ என்பதற்கு ஒரு அடையாளமாக இருந்தது. அதற்கு ஒரு தொழில் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அந்த அடையாளம் வேலை செய்தது, எல்லாராலும் வாங்க முடியாதபோது. இப்போது 84 மாசத் தவணையில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால், அது சொத்தைக் காட்டுகிறதா கடனைக் காட்டுகிறதா? நூல் கடைக்காரருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் பார்ப்பது சொன்ன தேதியில் செக் பாஸ் ஆகிறதா என்பதை. மாசம் 39 ஆயிரம் கூடுதல் தவணை அந்தத் தேதியைத் தள்ளினால், மதிப்புக்காக வாங்கிய வண்டியே மதிப்பைக் குறைத்துவிடும். ஆர்டர் ஆடிக்கொண்டிருக்கிற வருஷத்தில் இது பயமுறுத்த வேண்டிய விஷயம்.

ஒன்பது நாள்

போன வருஷம் ஆறு பேரும் சேர்ந்து கிளம்பிய நாட்களை அக்காவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். குலதெய்வம் கோயில் இரண்டு, பழனி ஒன்று, கல்யாணம் நாலு, கேதம் இரண்டு. ஒன்பது. நாளுக்கு ஆறாயிரம் என்று வைத்து வாடகை வண்டி பிடித்தாலும் 54 ஆயிரம். மேலே சொன்ன தவணை வித்தியாசத்தில் ஒன்றரை மாசம்கூட ஆகவில்லை. மீதிப் பத்தரை மாசத் தவணை எதற்கு?

இதோடு கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். அப்பாருதான் தடுத்தார். “கல்யாணத்துக்கு வாடகை வண்டி சொல்லிக்கலாம். கேதத்துக்கு? ராத்திரி ரெண்டு மணிக்கு சேதி வந்தா எவனைப் போய் எழுப்புவ?”

என்னிடம் பதில் இல்லை. ஒன்பதில் ஏழு நாள் முன்கூட்டியே தெரிந்த நாட்கள், இரண்டு தெரியாதவை. அந்த இரண்டுக்கு எவ்வளவு விலை என்பதை என் பேப்பர் கணக்கு சொல்லாது. பழைய சின்ன வண்டியை விற்காமல் வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ராத்திரியில் இரண்டு வண்டியாகப் போகலாம் என்றேன். அப்பாரு தலையாட்டினார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வாராவாரம் ஆறு, ஏழு பேர் சேர்ந்தே போகிற குடும்பங்கள் நிச்சயம் இருக்கின்றன. அவர்களுக்குக் கடைசி வரிசை நிஜமான சீட்டாக இருக்கிற வண்டி வேண்டும். டேப் வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் எஸ்யூவியாகவே இருக்காது. 2022-ல் வந்த இன்னோவா ஹைகிராஸ் 4,755 மி.மீ., ஃபார்ச்சூனர் நிற்கிற இடத்தில்தான் நிற்கும். ஏணிச் சட்டம் இல்லாததால் அதில் ஏறுவது சுலபம், விலையும் குறைவு. ‘டாக்ஸி வண்டி’ என்று நம்மாட்கள் ஒதுக்குகிறார்கள். ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று யோசித்தால் போதும். தோட்டத்து மண் பாதையில் மழைக்காலத்திலும் தினம் போக வேண்டியவர்களுக்கு ஏணிச் சட்ட வண்டி தேவை, வாங்கட்டும். மற்றவர்களுக்கு நல்ல ஐந்து சீட் நடுத்தர வண்டி போதும் என்பதே என் முடிவு.

கடைசியாக ஒன்று. வண்டிக் கடன் ஏழு வருஷம். மாமா பெண் இப்போது பதினொண்ணாவது படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷத்தில் ஹாஸ்டல் போவாள். அப்போது வீட்டில் ஐந்து பேர். இன்றைய வீட்டை அளந்து வாங்குகிற வண்டி, நாளைய வீட்டுக்குப் பெரிதாகிவிடும். இதை மாமாவிடம் சொன்னேன். பெண்ணைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாருவையும் அப்பத்தாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கின் மிச்சத்தை நாங்கள் இருவரும் போடவில்லை.

ராத்திரி போன் வந்தது. “மாப்ள, தை கழியட்டும். பையர் என்ன சொல்றான்னு பாத்துக்கிட்டு நடுத்தரமாவே பாப்போம். ஆனா ஒண்ணு, அப்பத்தா முன்னால கை புடிக்காம ஏறோணும். அந்த வண்டி எதுன்னு பாரு.”

சரிங்க மாமா என்றேன். இந்த வாரம் சீட் உயரத்தை அளக்க டேப்போடு கிளம்புகிறேன்.